ட்ராக்டருக்குக் கீழே இங்கிலீஷ்

எங்கள் டீச்சர் மரக்கறி வாங்குவதைப் பார்க்க வேண்டும். கல்முனைச் சந்தையில் ஒரு தக்காளியை எடுத்து உள்ளங்கையில் வைத்து, அதை நேருக்கு நேர் பார்த்து, "டொமேட்டோ" என்பார். கீழே வைப்பார். கத்தரிக்காயைத் தூக்குவார், "பிரிஞ்சால்" என்பார். வெங்காயம், பூசணி, வெண்டி என்று ஒரு சுற்று முடிந்த பிறகுதான் விலை கேட்பார். வியாபாரி ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்.

"டீச்சர், வாங்கிறீங்களா, ஓதி ஊதிட்டுப் போறீங்களா?"

டீச்சர் சிரித்துக்கொண்டே அடுத்த கூடைக்குப் போய்விட்டார். அவர் சுபாவம் அது. கையால் தொடாத பொருளின் பெயரை அவர் இங்கிலீஷில் சொல்ல மாட்டார். தெரியாமல் இல்லை, சொல்ல மாட்டார். "கையில இல்லாத சொல்லு வாயில நிக்காது" என்பார். இங்கிலீஷில் டிப்ளோமா முடித்துவிட்டு, அரசாங்க நியமனம் இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்த காலத்தில், தன் வீட்டுக் கராஜில் பெண்களுக்கு வகுப்பு நடத்தினார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா முறையில் ராத்தா என்பார். யார் யாருக்குப் படிப்பிக்கிறார் என்று புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஆசையினால் அல்ல. கல்யாணம் முடிந்த கையோடு என் கணவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். நான் போய்ச் சேர வேண்டுமானால் கொழும்பில் ஒரு பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். எழுத்து இல்லை, ஒருவர் முன்னால் இருந்து இங்கிலீஷில் கதைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் நான் ஏற்கெனவே ஒருமுறை விழுந்து எழும்பியிருந்தேன். டவுனில் ஒரு டியூஷன் மாஸ்டர் கேள்வி பதில்களை எழுதித் தந்து, குர்ஆன் மனனம் செய்கிற மாதிரி மனனம் செய்யச் சொன்னார். செய்தேன். பரீட்சையில் கேள்வியின் ஒழுங்கு மாறிவிட்டது. அவர்கள் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள், நான் காலநிலையைச் சொன்னேன். காலையில் வெயில், பின்னேரம் இடி மின்னல் என்றேன். எங்கள் குடும்பத்துக்கு அது பொருத்தமான பதில்தான், ஆனால் புள்ளி தரவில்லை. இன்னொரு முறை தோற்றால் என் கல்யாணம் இன்னொரு வருஷம் போனுக்குள்ளேயே கிடக்கும். எனக்கு அந்தப் பயம் சோற்றிலும் இருந்தது, தூக்கத்திலும் இருந்தது.

தனியாகப் போக உம்மா விடவில்லை. துணைக்குச் சாச்சியை அனுப்பினார். சாச்சி உம்மாவின் தங்கை, எங்கள் பக்கத்து வளவு, புருஷன் இல்லாதவர், வாய் மட்டும் நிறைய உள்ளவர். மூலையில் இருந்து தஸ்பீஹ் மணி உருட்டுவதாகத்தான் பேச்சு. முதல் நாளே டீச்சர் அவர் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்துவிட்டார்.

"கோக்கனட்" என்றார் டீச்சர்.

"நான் படிக்க வரல்ல மகள். இவக்குக் காவல்."

"காவல் இரிங்க சாச்சி. தேங்காயப் புடிச்சிட்டு இரிங்க."

வகுப்பு முடியும்போது சாச்சி தேங்காயை மடியிலிருந்து இறக்க மாட்டேன் என்றார். கோக்கனட், கோக்கனட் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தத் தேங்காயை டீச்சர் திருப்பிக் கேட்கவும் இல்லை, சாச்சி கொடுக்கவும் இல்லை.

அந்தக் கராஜில் ஒரு சட்டம் இருந்தது. பொருள் கையில் இருக்கும்வரை வாயில் தமிழ் வரக் கூடாது. கீழே வைத்த பிறகு எதையும் கதைக்கலாம். அதனால் எங்கள் வகுப்பில் பெண்கள் ஒரு சங்கதி சொல்ல வேண்டுமென்றால் அவசர அவசரமாகக் கரண்டியைக் கீழே வைப்பார்கள், சங்கதியைச் சொல்வார்கள், மறுபடி எடுப்பார்கள்.

எழுத்துகளையும் அவர் தொடாமல் விடவில்லை. கரும்பலகையில் எழுதினால் அது சுண்ணாம்பு, எழுத்து இல்லை என்பார். இடியப்ப உரலைக் கொண்டுவந்து, தட்டில் எழுத்துகளாகப் பிழியச் சொன்னார். எஸ் தானாக வந்து விழும். ஓ இன்னும் லேசு. டபிள்யூதான் உயிரை எடுத்துவிட்டது, அவிந்து வரும்போது பாதிப் பேருடையது எம் ஆகியிருக்கும், மீதிப் பேருடையது சும்மா இடியப்பம். பெயர் சொல்ல முடியாத எழுத்தைத் தின்னக் கூடாது. அந்தப் பயத்திலேயே எல்லோரும் படித்தோம். நோன்பு மாதத்தில் எழுத்துகளைப் பார்சல் கட்டித் தந்துவிடுவார். அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு எடுத்துப்போய், நோன்பு துறக்கும்போது, முழுக் குடும்பமும் தேங்காய்ப்பால் சொதியில் நனைத்து ஏபிசிடி தின்றது. வாப்பா ஆர் எழுத்தைத் தின்றுகொண்டே, "இது என்ன எழுத்து மகள்?" என்று கேட்டார். சொன்னேன். "உப்புக் கொறவு" என்றார்.

கணவர் ஒவ்வொரு நாளும் போனில் விசாரிப்பார்.

"இன்டைக்கு என்ன படிச்ச?"

"இடியப்பம்."

"நேத்து?"

"ஆடு."

"அங்க இங்கிலீசு படிப்பிக்கிறாங்களா, சாப்பாட்டுக் கடை நடத்துறாங்களா?"

அவர் கேட்டதிலும் பிழை இல்லை. பரீட்சை வரப் போகிறது, நான் ஆட்டைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டுக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். ஜி எழுத்துக்கு ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். ஒருவர் இஞ்சி கொண்டுவந்தார், ஒருவர் கண்ணாடிக் கிளாஸ். சாச்சி ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் கொடுக்க வளர்த்த கிடாயைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அது வந்து நின்ற இடத்துக்கு நேரே சுவரில் எழுத்துப் படம் தொங்கியது. ஏ-யிலிருந்து தின்னத் தொடங்கியது. டீச்சர் ஒரு தடியைத் தேடி எடுத்தார். சாச்சி குறுக்கே நின்றார்.

"குர்பான் கிடாய் மகள். அதுல அடி படக் கூடா. ஒரு மயிர் கொறைஞ்சாலும் கூடா."

அடிக்க முடியாத ஆட்டிடம் என்ன செய்வது. அது அவசரப்படாமல், ஒழுங்கு தவறாமல், எஃப் வரைக்கும் தின்று முடித்தது. அன்றிலிருந்து எங்கள் சுவரில் ஜி-தான் முதல் எழுத்து. பெருநாளன்று சாச்சி இறைச்சிப் பங்கைக் கொண்டுபோய் டீச்சரின் வீட்டில் கொடுத்தார். "பாத்து ஆக்குங்க டீச்சர். உங்கட ஏபிசிடி இதுக்குள்ளதான் இரிக்கி" என்றார்.

கியூ எழுத்துக்கு எந்தப் பொருளும் கிடைக்கவில்லை. ராணியை எங்கே போய்ப் பிடிப்பது. டீச்சர் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்தார். அது காஸ் இல்லாமல் நாடு திண்டாடிய வருஷம். ஒரு காலை எங்கள் எல்லோரையும் வெறும் சிலிண்டர்களோடு வரச் சொல்லி, காஸ் கடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். முன்னால் நிற்பவரின் தோளைத் தொடச் சொன்னார். "கியூ" என்றார். பிறகு சிலிண்டரைத் தட்டச் சொன்னார். "எம்ப்டி." எங்களுக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத பெண்களும், பின்னால் நின்ற ஓட்டோக்காரர்களும் தட்டத் தொடங்கிவிட்டார்கள். மதியம் ஆகும்போது அந்த வீதியில் எம்ப்டி தெரியாத ஆள் இல்லை. லொறி வரவில்லை. ஃபுல் என்ற சொல்லைப் படிக்க எங்களுக்குப் பல நாள் எடுத்தது.

கராஜின் நடுவில் ஒரு பெரிய ட்ராக்டர் நிற்கும். டீச்சருடைய வாப்பாவுக்குச் சாகாமம் என்ற ஊரில் வயல். உழவு இல்லாத காலத்தில் ட்ராக்டர் எங்களோடுதான் படித்தது. மேலே, உள்ளே, பக்கத்தில், கீழே என்ற சொற்களுக்கெல்லாம் அதுதான் பொருள். ஏறினால்தான் 'ஒன்', கீழே போனால்தான் 'அண்டர்'. ஏறுவதற்கு ஆள் வந்தது. கீழே போக ஒருவரும் வரவில்லை. நான் அன்றைக்குப் புது அபாயா போட்டிருந்தேன் என்று நழுவினேன். கடைசியில் சாச்சிதான், "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிப் பாயை விரித்து உள்ளே நகர்ந்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. டீச்சர் குனிந்து, "வேர் ஆர் யூ?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் கேற்றுக்குள்ளால் எட்டிப் பார்த்தார். ட்ராக்டருக்குக் கீழே இரண்டு கால், சுற்றிவரப் பெண்கள், நடுவில் நின்று கைதட்டுகிற டீச்சர். அவர் போட்ட கூச்சலில் தெருவே ஓடி வந்தது. ஒருவர் ஜாக்கியோடு வந்தார். இன்னொருவர் தரையில் படுத்துக் கீழே பார்த்தார்.

"சாச்சி, உசிரோட இரிக்கீங்களா?"

"ஐ ஆம் அண்டர் த ட்ராக்டர்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எங்க அடி பட்ட?"

"ஐ ஆம் ஹேப்பி."

அந்த மனிதர் எழும்பி எங்களைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "தலையிலதான் பட்டிரிக்கி. இங்கிலீசு கதைக்கிறா."

ஒரு வார்த்தை சொல்லி விளக்கியிருக்கலாம் டீச்சர். அவர் விளக்கும் நிலையில் இல்லை. சாச்சி முதல்முறையாக இரண்டு முழு வசனம் சொல்லிவிட்டார் என்று அபாயா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். சாச்சியை நான்கு பேர் பாயோடு இழுத்து எடுத்தார்கள். கை முழுக்கக் கிறீஸ். "தமிழில ஒரு வார்த்த சொன்னா என்ன சாச்சி?" என்று நான் கத்தினேன். சாச்சிக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "கையில ட்ராக்டர் இரிந்திச்சே" என்றார்.

இப்படியெல்லாம் இருந்த டீச்சரிடம்தான் நான் ஒருநாள் ஸ்னோ கேட்டேன். கணவர் அங்கிருந்து வீடியோ அனுப்பியிருந்தார், வீதியெல்லாம் வெள்ளை. நான் போகப் போகும் ஊரின் முதல் சொல் அதுதான் என்று எனக்குப் பட்டது. டீச்சர் வீடியோவைப் பார்த்தார், போனைத் திருப்பித் தந்தார்.

"அத நான் தொடல்ல ராத்தா. தொடாத சாமான எப்பிடிப் படிப்பிக்கிற?"

"ஃப்ரிஜ்ஜுக்குள்ள இரிக்கே டீச்சர், மேல் தட்டுல."

"அது ஐஸ். அதுக்கு நாம ஐ-யில படிச்சிட்டம். இது வேற. நீங்க போங்க, தொட்டுப் பாருங்க, கொண்டு வாங்க. அப்ப படிப்பம்."

பிறகு எஸ் எழுத்தின் கீழே, சோப்புக்கும் ஸ்பூனுக்கும் பிறகு, ஒரு படம் ஒட்டுகிற அளவுக்கு இடம் விட்டார். சொல்லை எழுதவில்லை. வாயாலும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போது பேச்சு வந்தாலும் "அந்தச் சாமான்" என்றுதான் சொல்வார், ஏதோ கெட்ட சொல்லைத் தவிர்ப்பது போல.

பெரும்போக விதைப்பு தொடங்கியது. ட்ராக்டர் சாகாமத்துக்குப் போய்விட்டது. அந்த மாதங்களில் எங்களுக்கு 'அண்டர்' கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் என் பரீட்சை வந்தது. போகிற அன்று டீச்சர் ஒரு பன்புல் பை கொண்டுவந்து தந்தார். உள்ளே ஸ்பூன், சோப்பு, சீப்பு, பூட்டு, ஒரு வெங்காயம், ஒரு பொம்மைக் கார், என்னுடைய கல்யாணப் படம் ஒன்று. "என்ன கேட்டாலும் கைய உள்ளுக்குப் போடுங்க. சொல்லு வரும்" என்றார். அவர் சொன்ன விதத்தில் நானும் நம்பினேன்.

கொழும்பில் வாசலில் நின்ற காவலர் பையைத் திறந்து பார்த்தார். வெங்காயத்தை வெளியே எடுத்தார். "சந்தைக்குப் போற பை இது. பரீட்சைக்கு ஒண்டும் கொண்டு போக ஏலா" என்று மொத்தத்தையும் வாங்கி வைத்துவிட்டார்.

உள்ளே ஒரு மேசை, ஒரு கண்ணாடி போட்ட அம்மா, என்னுடைய இரண்டு வெறும் கை. அவர் அன்பாகத்தான் கேட்டார், என் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்படி. என் தலைக்குள் ஒன்றுமில்லை. காஸ் சிலிண்டரைத் தட்டினால் வருகிற சத்தம்தான் கேட்டது. இந்த முறையும் போய்விட்டது, இனி கணவர் முகத்தைப் போனில்தான் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். அந்த அம்மா இரண்டாம் முறையும் கேட்டார். என் வாய் திறந்து, தன்பாட்டில் சொன்னது.

"மை ஆன்ட் இஸ் அண்டர் த ட்ராக்டர்."

அந்த அம்மாவின் பேனா நின்றுவிட்டது. கை நெஞ்சுக்குப் போனது. "ஓ. ஐ ஆம் சோ சாரி" என்றார்.

"நோ சாரி. ஷி இஸ் ஹேப்பி."

ஏன் என்று அவர் கேட்டார். அது கேள்வித் தாளில் உள்ள கேள்வி இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது, மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். நான் சொன்னேன். ஷி இஸ் எ ஸ்டூடன்ட் என்றேன். எங்கள் ஆடு ஏபிசிடி தின்றதைச் சொன்னேன். நாங்கள் ஏபிசிடி தின்றதையும் சொன்னேன். கியூவையும் எம்ப்டியையும் சொன்னேன். இலக்கணம் எந்தப் பக்கம் போனதோ தெரியாது, ஆனால் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இங்கிலாந்துக்குப் போனதும் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார். கணவரோடு இருப்பேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது.

"ஐ டச் ஸ்னோ" என்றேன். "மை டீச்சர் நோ டச். ஐ பிரிங்."

பாஸ். முதலில் கணவருக்குச் சொன்னேன், பிறகு டீச்சருக்கு. டீச்சர் வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் கேட்டது இதுதான்.

"கையில என்ன வெச்சிரிந்த?"

"ஒண்டுமில்ல டீச்சர். பைய வாங்கிட்டாங்க."

அவருடைய மார்க்கத்தையே நான் பிழை என்று சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

"ஒண்டுமே இல்லாமலா?"

"சாச்சிய நினைச்சன்."

"அப்ப சாச்சி இரிந்திரிக்கா" என்றார் டீச்சர். குரல் தெளிந்துவிட்டது. "அது போதும்."

நான் இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிரில் சும்மா மழைதான். அடுத்த வருஷம்தான் அந்தச் சாமான் விழுந்தது. நான் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். பிறகு தேநீர் ஃபிளாஸ்க் ஒன்றில் கரண்டியால் அமுக்கி அமுக்கி நிரப்பி ஃப்ரீசருக்குள் வைத்தேன். கணவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஊருக்கு வரும்போது அதைக் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். கரையும் என்று எனக்குத் தெரியாதா. தெரியும். இருந்தாலும் வைத்தேன்.

கராஜில் புது முகங்கள் இருந்தன. ட்ராக்டர் நின்றது. சாச்சி இப்போது யாருக்கும் காவல் இல்லை, தன்பாட்டில் வந்து முன் வாங்குப் பலகையில் இருக்கிறார். சுவரில் எஸ்ஸின் கீழே அந்த இடம் அப்படியே வெறுமையாக இருந்தது. நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீச்சரின் முன்னால் நீட்டினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"வோட்டர்" என்றார் சாச்சி.

டீச்சர் விரலை உள்ளே விட்டு எடுத்தார். "வோட்டர்தான் ராத்தா."

"வரக்குள்ள கரைஞ்சிட்டு டீச்சர்."

அவருக்கு ஏமாற்றம்தான். மறைக்கத் தெரியாத முகம். ஆனால் கரும்பலகைச் சோக்கட்டியை எடுத்து என் கையில் தந்துவிட்டு, போய்ச் சாச்சியின் பக்கத்தில் வாங்கில் இருந்தார். "இஞ்ச தொட்ட ஆள் நீங்கதான். நீங்க படிப்பிங்க" என்றார்.

என் டீச்சர் எனக்கு முன்னால் மாணவியாக இருக்கிறார், என் கையில் பொருள் இல்லை. எனக்கு அழுகை வந்தது. இது வெள்ளை, இது மேலேயிருந்து விழும், சத்தம் வராது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிப் பார்த்தேன். சாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. எழும்பினார், இடியப்பத்துக்கு அரித்து வைத்திருந்த மாவையும் அரிதட்டையும் எடுத்தார், அந்த வயதில் ட்ராக்டரின் மேல் ஏறி நின்று, டீச்சரின் தலைக்கு மேலே பிடித்து அரிக்கத் தொடங்கினார்.

மா மெல்ல மெல்ல விழுந்தது. டீச்சரின் முக்காட்டில், தோளில், இமையில் விழுந்தது. அவர் ஒதுங்கவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டினார், கை வெள்ளையாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாட் இஸ் திஸ்?" என்று கேட்டேன்.

அவர் கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். விரல்களால் தேய்த்துப் பார்த்தார். வகுப்பே அவர் வாயைப் பார்த்தது. எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"நாட் ஸ்னோ" என்றார்.

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. பிறகு கையிலிருந்த மாவைத் தட்டில் கொட்டினார், இனித் தமிழில் கதைக்கலாம் என்பதற்காக.

"இப்பிடித்தான் விழுமா ராத்தா?"

"ஓம் டீச்சர். இப்பிடித்தான்."

வகுப்பு முடியும்வரை தலையில் கிடந்த மாவை அவர் தட்டவே இல்லை.